பழைய கர்நாடக இசைத்தட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகள் இருப்பது அக்கம்பக்கத்தில் பலருக்கும் தெரியும். பாட்டு கற்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வருகிறார்கள். பரணில் தாத்தா காலத்துப் பிளேட்டுகளைக் கண்டெடுத்தவர்கள் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்தக் காலத்து இசையைச் சேகரிக்கிறீர்கள்?

ஒலிப்பதிவு நம் நாட்டுக்கு வந்த நாள் முதல் ஏறக்குறைய 1940-களின் இறுதி வரை வெளியான கர்நாடக இசைத்தட்டுகளை மட்டுமே சேகரிக்கிறேன். கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கோஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அக்கம்பெனியின் பதிவாளர்கள் தென்னாட்டுப் பாடகர்களையும் பதிவு செய்யத் தொடங்கினர். அந்த முதல் பத்தாண்டுத் தட்டுகளில் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்றோரின் குரல்கள் இருக்கின்றன.

இந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம், நூலிழையில் தவறிப்போனவர்களின் நினைவும் வருகிறது. மகா வைத்தியநாத ஐயர் 1893-இல் மறைந்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் 1902-இல் மறைந்தார். புல்லாங்குழல் சரப சாஸ்திரி 1904-இல் மறைந்தார். அவர்களுடைய சங்கீதத்தைப் பற்றி எழுத்தில் படிக்கலாமே தவிரக் கேட்க வழியில்லை. அவர்களுக்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்த பாடகர்களான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரும் மதுரை புஷ்பவனமும் மட்டும் எப்படியோ இந்தக் கருந்தட்டுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மூன்று நிமிடத்தில் என்ன சங்கீதத்தைக் கேட்டுவிட முடியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வியும் இதுதான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். மேடையில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடக்கூடிய வித்வான், அந்த மூன்று நிமிடத்துக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில்தான் அவருடைய ராக ஞானம் முழுவதும் தெரிகிறது. சுற்றி வளைத்து வர நேரம் இல்லாததால் ராகத்துக்கே உரிய முதல் பிடியிலேயே (சுரக்கோவையிலேயே) ராகம் வந்து நிற்க வேண்டும். பேகடா ராகத்துக்கு எது உயிர், சஹானா ராகத்தை எந்தச் சஞ்சாரத்தில் காட்டினால் கேட்பவர் உடனே அறிவார் என்பதற்குப் பாடப் புத்தகத்தைவிட இந்தத் தட்டுகள் தெளிவான விடை தருகின்றன.

ஆனால் இவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதிலும் கவனம் தேவை. காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, நம்பக் கூடாது. பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குவதற்காகப் பல பாடகர்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பாடினார்கள். அதைக் கேட்டுவிட்டு அக்காலத்துக் கச்சேரியே ஓட்டமும் நடையுமாக இருந்தது என்று முடிவு கட்டுவது தவறு. ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளைக் குறைத்ததும், சரணத்தை அடியோடு விட்டதும் நேரத்தின் நெருக்கடியால்தான். மாறாக, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் எங்கே அசைகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது, தெலுங்குச் சொல்லை எங்கே பிரிக்கிறார்கள், விரைந்த சுர ஓட்டமான பிருகா தொண்டையில் எப்படி உருள்கிறது, மேல் எல்லையான தார ஸ்தாயிக்குக் குரல் எவ்வளவு இயல்பாக ஏறுகிறது என்பவற்றைக் கடிகாரம் மாற்றிவிட முடியாது. இவற்றை நம்பிக் கேட்கலாம்.

சில வித்வான்கள் ஒரு பக்கத்தில் ராக ஆலாபனையும் மறுபக்கத்தில் அதே ராகத்துக் கீர்த்தனையும் தந்திருக்கிறார்கள். அத்தகைய தட்டைத் திருப்பிப் போடுவதற்கு முன் சில நிமிடம் சும்மா இருந்து, கேட்ட ஆலாபனையை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு கீர்த்தனையைக் கேட்டால், ஆலாபனையில் பாடியவர் பிடித்த அதே பிடிகள் பாடல் வரிகளான சாகித்தியத்துக்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது புலப்படும்.

குரல் ஏன் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது?

குழாய்க்குள் பாடியதால்தான். 1925-க்கு முன், ஒருசில சோதனை முயற்சிகளைத் தவிர, மைக் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்யப்படவில்லை. பாடுபவர் ஒரு பெரிய தகரக் கூம்பின் வாய்க்கு அருகே நின்று உரக்கப் பாட, அக்காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. கீழ்ஸ்தாயியின் கனமும் மேல் ஒலிகளின் மினுக்கமும் அந்தக் கூம்பில் பதியவில்லை. வயலின் மெலிந்து கேட்கும். மிருதங்கம் வெறும் தட்டலாகக் கேட்கும். தம்புரா இருப்பதே தெரியாது. அதனால்தான் அக்காலத் தட்டுகளில் ஹார்மோனியம் இவ்வளவு மிகுதி: அதன் ஒலி கூம்புக்குள் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. மின்முறைப் பதிவு 1920-களின் பிற்பகுதியில் இங்கே வந்த பிறகுதான் பாடகர் தம் இயல்பான குரலில் பாட முடிந்தது. வீணையும் ஓரளவுக்கு வீணையாகக் கேட்டது.

முதற்காலத் தட்டுகளில் பெண் குரல்களே மிகுதியாக இருப்பது ஏன்?

முதற்காரணம், பல ஆண் வித்வான்கள் தட்டில் பாடத் தயங்கினார்கள். யார் வீட்டில், எந்த நேரத்தில், எந்த நிலையில் தம் பாட்டு ஒலிக்கும் என்பது தெரியாது என்பது ஒரு தயக்கம். மூன்று நிமிடத்தில் பாடுவது சங்கீதத்துக்கு இழுக்கு என்பது மற்றொன்று. தலைமுறை தலைமுறையாக இசையையும் நடனத்தையும் காத்துவந்த தேவதாசிக் குலப் பெண்கள் துணிந்து கூம்பின் முன் நின்றார்கள். தனகோடி அம்மாளின் குரல் தட்டில் நிலைத்திருக்க, அவருடைய தங்கை மகனும் பல்லவி பாடுவதில் பெயர்பெற்ற மேதையுமான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் குரலை இன்று நாம் கேட்க முடியாதிருப்பதே இதற்குப் போதிய சான்று.

இவர்களில் பலர் நம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. கோயம்புத்தூர் தாயி (1872–1917) ஜார்ஜ் டவுனில் குடியிருந்தவர். அவருடைய தட்டுகள் கடல் கடந்து பாரீசு வரை சென்றன. அவற்றைக் கேட்டு மயங்கிய மொரீஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-இல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பதிவை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்ற பெயரிலேயே ஒரு படைப்பையும் இயற்றினார். மேலை இசைக்கருவியும் மேலைச் சுரக்குறிப்பும் மட்டுமே கைவசம் உள்ள ஒருவர், நம் குரலின் வளைவுகளை எழுதிவிட முயன்ற அந்த உழைப்பை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் (1878–1952) ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து, தட்டுகளில் பாடியவரே.

வீணை தனம்மாளைப் (1867–1938) பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணன் தெருவில் அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை கேட்க, ஊரின் பெரிய வித்வான்கள் எல்லாரும் வந்து வாய்திறவாமல் அமர்ந்திருந்தார்கள் என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. அவர் முதிய வயதில், 1930-களில், தந்த சில தட்டுகளே நமக்கு மிஞ்சியிருக்கின்றன. மீட்டு மிகக் குறைவு. ஒரே மீட்டின் நாதம் அடங்குவதற்குள் இடக்கை விரல் தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரங்களைக் கடந்துவிடும். அதற்கு இணையாக அவரே மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வருவார். இசைத்தட்டின் இரைச்சலுக்கும் கீழே போய்விடும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் ஒலியைக் கூட்டாதீர்கள். இரைச்சலோடு சேர்த்தே கேட்டுப் பழகினால் காது தானாகவே வீணையைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். பேத்திகள் பிருந்தா, முக்தா ஆகியோர் பாடிய பதங்கள் என்னும் மெதுவான பாடல்களை முதலில் கேட்டுவிட்டுத் தனம்மாளுக்கு வந்தால், அந்த விளம்ப காலத்தின் நிதானம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

வட சென்னைக்கும் கர்நாடக இசைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு மிகப் பழையது. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் திருவொற்றியூர் சென்று, திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார்: கல்யாணியில் ‘சுந்தரி நீ திவ்ய ரூபமுனு’, சாவேரியில் ‘கன்னதல்லி நின்னு’, ஆரபியில் ‘சுந்தரி நின்னு வர்ணிம்ப’, பேகடாவில் ‘சுந்தரி நன்னு இந்தரிலோ’, சுத்த சாவேரியில் ‘தாரினி தெலுசுகொண்டி’. குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917) தந்தையின் வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் காத்துப் பரப்பினார். மணலி முதலியார்களின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் இங்கே வாழ்ந்தது. அவர் மகனான இளம் முத்துசாமி தீட்சிதர் கோட்டை பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டதும், அவர் தம்பி பாலுசாமி வயலின் கற்றுக்கொண்டதும் அந்நாட்களில்தான். இன்று வயலின் இல்லாத கச்சேரியே அரிது.

பிற்காலத்தில் சபாக்கள் தெற்கே மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் போய்விட்டன. அதற்கு முன் கச்சேரி கேட்க வேண்டுமானால் ஜார்ஜ் டவுனுக்குத்தான் வர வேண்டும். ஆர்மேனியன் தெருவின் கோகலே மண்டபம் அதற்குச் சான்று. வட சென்னை என்றால் கானாவும் குத்தும் மட்டுமே என்று ஒதுக்கிப் பேசுபவர்களிடம் இதைச் சொல்கிறேன். கானாவை நான் குறைத்துப் பேசுவதில்லை. இந்த மண்ணில் இரண்டும் விளைந்தன.

தட்டை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்? எல்லாமே 78 தானே?

அல்ல. பெயர்தான் 78. மின்முறைப் பதிவுக்கு முந்தைய தட்டுகள் 70-க்கும் 80-க்கும் இடையே பல வேகங்களில் பதிவானவை. வேகம் மாறினால் காலம் மட்டுமல்ல, சுருதியும் மாறும். 74-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். குரலின் தன்மையும் மாறி, நடுவயதுப் பெண்மணி சிறுமியாகிவிடுவார். இணையத்தில் உலவும் பல பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு, அக்காலத்துப் பெண்கள் கீச்சுக்குரலில் பாடினார்கள் என்று பலர் நினைப்பதற்கு இந்தப் பிழைதான் பெருங்காரணம்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். என்னிடம் லேபிள் பாதி உரிந்துபோன ஒருபக்கத் தட்டு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் வரியே இல்லாமல் வழவழவென்று இருக்கும். கல்யாணியில் ஒரு கீர்த்தனை, பெண் குரல், ஹார்மோனியம். 78-இல் ஓட்டினால் பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எந்தச் சுரம் எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, வீட்டிலுள்ள ஹார்மோனியத்தின் கட்டைகளோடு ஒப்பிட்டேன். பதிவிலுள்ள ஹார்மோனியத்தின் அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றால் அந்த வேகம் தவறு. ஏதேனும் ஒரு கட்டையோடு இணங்கினால் அது பொருந்தும் வேகங்களில் ஒன்று. 75-ஐ ஒட்டி அது இணங்கியது. கல்யாணிக்கு உரிய பிரதி மத்தியம சுரத்தின் அசைவும் அங்கே தெளிவாகப் பிரிந்தது. அடுத்த சோதனை பேச்சு. முதற்காலத் தட்டுகள் அச்சுக்காக ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ளவர்கள் யாருடைய பதிவென்று அறிவதற்காகப் பாடகர் இறுதியில் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. பாட்டில் ஏமாறும் காது பேச்சில் ஏமாறாது. பேச்சு இயல்பாக ஒலித்தால் வேகமும் சரி. என் தட்டில் பெயர் சொல்லும் இடத்தில் வரி தேய்ந்திருக்கிறது. ஆயினும் அந்த அரைகுறைச் சொல்லின் குரல் ஒரு வளர்ந்த பெண்ணின் குரலாக 75-இல் மட்டுமே கேட்கிறது.

லேபிள் உரிந்த தட்டுகளுக்கு இன்னொரு துணை உண்டு. லேபிளை ஒட்டிய வரியில்லாத வளையத்தில் பதிவு எண் பொறித்திருப்பார்கள். டார்ச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழும். அந்த எண்ணைக் கம்பெனிப் பட்டியல்களோடும், பெயர் தெரிந்த பிற தட்டுகளின் எண்களோடும் ஒப்பிட்டால், எந்தப் பயணத்தில், ஏறத்தாழ எந்த ஆண்டில் பதிவானது என்பதை நெருங்கிவிடலாம்.

எந்தக் கருவியில் ஓட்டுகிறீர்கள்? சாவி கொடுக்கும் பழைய கிராமபோனிலா?

சாவி கிராமபோன் ஒன்று இருக்கிறது; அதில் அரிய தட்டுகளை ஓட்டுவதில்லை. முள்ளைத் தாங்கி ஒலி எழுப்பும் அதன் சவுண்டு பாக்ஸின் எடை முழுவதும் எஃகு முள்ளின் நுனியில் இறங்குவதால், ஒவ்வொரு முறையும் வரி தேயும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றியே தீர வேண்டும். அன்றாடம் கேட்பதற்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மின்சார டர்ன்டேபிளையே பயன்படுத்துகிறேன்.

முள் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பிற்காலத்து நீண்ட நேரத் தட்டான எல்.பி. தட்டின் முள்நுனி ஏறக்குறைய 18 முதல் 25 மைக்ரான். 78 தட்டின் அகன்ற வரிக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் வேண்டும். எல்.பி. முள்ளை வைத்தால் அது வரியின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு குப்பையை மட்டும் வாசிக்கும். பாட்டு வரியின் சுவர்களில் இருக்கிறது. உங்கள் கருவியில் 78 வேகம் இல்லையென்றால், உரிய முள்ளைப் பொருத்தி 45-இல் ஓட்டிக் கணினியில் பதிவு செய்து, பிறகு வேகத்தை 1.733 மடங்காக உயர்த்திக்கொள்ளலாம். வளைந்த தட்டுகளுக்கு இந்த வழியே நல்லது, முள் துள்ளாது.

இரைச்சலை மென்பொருளால் நீக்கிவிடலாமே?

விரிசலின் ‘டக் டக்’ ஒலியை நீக்குவதில் தவறில்லை. தொடர்ந்து வரும் ‘உஸ்’ ஒலியை முழுவதும் துடைக்க முயன்றால், மூச்சும் சொல்லின் இறுதி மெய்யும் கமகத்தின் வாலும் சேர்ந்தே போய்விடும். என்ன செய்தாலும், திருத்தாத மூலப் பதிவைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுகள் எங்கே கிடைக்கின்றன?

மூர் மார்க்கெட் இருந்த காலத்தைப் பற்றி மூத்த சேகரிப்பாளர்கள் சொல்லக் கேட்டால் ஏக்கம் மிகும். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகங்களுக்கு அருகே பிளேட்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. 1985 மே மாதத் தீயில் அது அழிந்தது. இன்று அவ்விடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அருகே அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் பெயர்ந்த கடைகளில் பழைய தட்டுகள் இன்னும் தலைகாட்டுவதுண்டு. ஆனால் பெரும்பாலும் திரைப்பாடல்கள்.

எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி காயலான் கடைகளிலிருந்தும், வீடு காலி செய்பவர்களிடமிருந்தும் வந்தவை. ஏழுகிணறு, முத்தியால்பேட்டை, சௌகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது மரச்சாமானும் பித்தளையும் உடனே விலைபோகும். பிளேட்டுக் கட்டை யாரும் சீந்துவதில்லை. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். போய்ப் பார்க்கும்போது முதலில் லேபிளைப் பார்க்காமல் வரியைப் பாருங்கள்: கருமையாகப் பளபளத்தால் நல்லது, சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்தது. நாய் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், விலை மலிவாக வந்த ட்வின் ஆகிய லேபிள்களில் கர்நாடக இசை மிகுதி. ஓடியன் தட்டுகளை நம் பக்கத்தில் விற்றது ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ். பிளேட்டுக் கட்டோடு கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள் கிடந்தால் அவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாடியவர், ராகம், சாகித்தியம் மூன்றையும் சரிபார்க்க அவற்றைப்போல் உதவுவது வேறில்லை.

சுத்தம் செய்வதும் பாதுகாப்பதும் எப்படி?

தட்டின் பிசின் அரக்கு. அத்துடன் கல்தூளும் கரியும் கலந்திருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் பாலீஷ் செய்வதும் அப்படித்தான். எனவே ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு விட்டு, லேபிள் நனையாமல், மெல்லிய தூரிகையால் வரியின் போக்கிலேயே துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள்.

காசிமேட்டுக் கடற்காற்று வீசும் நம் பகுதியில் ஈரமும் பூஞ்சையும்தான் முதல் எதிரி. பழைய காகித உறைகளை மாற்றிவிடுங்கள். உறையில் கையெழுத்தோ கடை முத்திரையோ இருந்தால் அதைத் தனியே பத்திரப்படுத்துங்கள். தட்டுகளைப் படுக்கை வசத்தில் அடுக்கினால் அடியிலிருப்பவை விரிசல் விடும். சாயாமல் நிற்கும்படி தடுப்புகள் வைத்து நிறுத்துங்கள். பத்து அங்குலத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம் என்பதால் ஐம்பது தட்டுகள் 10 கிலோ ஆகிவிடும். மெல்லிய பலகை தாங்காது. தரைத்தளத்தில் வைக்கவே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் வட சென்னை வீடுகளுக்குள் எந்த உயரம் வரை நின்றன என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

காலத்தில் பின்னோக்கிச் செல்லுங்கள். மின்முறைப் பதிவுகளில் காது பழகிய பிறகு கூம்புப் பதிவுகளுக்குப் போவதே எளிது. இளம் வயதிலேயே 1951-இல் மறைந்த என்.சி. வசந்தகோகிலத்தின் தட்டுகளில் சுருதி சுத்தம் என்றால் என்ன என்பது தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நாதஸ்வரத்தில் கேளுங்கள். ஒலிபெருக்கியே தேவைப்படாத ஒரு வாத்தியத்தைத் தட்டுக்குள் அடக்கியும் அந்தக் காந்தார சுரம் அடங்கவில்லை. முசிறி சுப்பிரமணிய ஐயரின் ஆபேரி ‘நகுமோமு’, ஒரு தட்டு எப்படி ஒரு கீர்த்தனையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்குச் சான்று. 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தார ஸ்தாயியை அதன் பிறகு கேளுங்கள். பத்து வயதுச் சிறுமி எம்.எஸ். சுப்புலட்சுமி தாயின் வீணையோடு 1926-இல் பாடிய ‘மரகத வடிவும்’ அடுத்த படி. அங்கிருந்து கோயம்புத்தூர் தாயிக்கும் சேலம் கோதாவரிக்கும் போகலாம்.

தட்டு வாங்க இயலாதவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், மியூசிக் அகாடமியின் ஒலிக் காப்பகத்திலும் விசாரிக்கலாம். விக்ரம் சம்பத் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்’ இணையத்தில் பல பழைய பதிவுகளைக் கேட்கத் தந்திருக்கிறது. அரவம் அடங்கிய பிறகு கேளுங்கள். கண்டெய்னர் லாரிகளின் ஓட்டம் குறையும் முன்னிரவுக்குப் பிறகே நான் தனம்மாளை எடுப்பது.

பழைய தட்டுகளை இணையத்தில் ஏற்றலாமா?

நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. எனவே நான் சேகரிக்கும் காலத்துத் தட்டுகளில் பதிவுரிமை முடிந்துவிட்டது. பாடலின் உரிமை வேறு: அது இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். தியாகராஜர் கீர்த்தனைக்குச் சிக்கல் இல்லை; 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. ஏற்றும்போது வேகத்தையும் தட்டின் எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

உங்கள் தட்டுகளை விற்பீர்களா?

இல்லை. நேரில் வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

எங்கள் தாத்தாவின் தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். தூசியோடு ஒருமுறை ஓட்டினாலே வரி கெடும். ஒவ்வொரு தட்டின் லேபிளையும் நடுவளையத்து எண்ணையும் இருபுறமும் படமெடுங்கள். உடைந்த தட்டுகளையும் எறியாதீர்கள்; இரண்டாகப் பிளந்ததைக்கூடச் சேர்த்துப் பொருத்தி, மெதுவாக ஓட்டிப் பாட்டை மீட்டெடுத்தவர்கள் உண்டு. பிறகு வீட்டிலுள்ள பெரியவரை உட்காரவைத்து, இவற்றை யார் வாங்கினார், எந்தக் கடையில், எந்தப் பாட்டை வீட்டில் அடிக்கடி போடுவார்கள், அதைக் கேட்டு யார் பாடக் கற்றுக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கேட்டு, பென்சிலால் ஒரு தாளில் எழுதி, தட்டின் புதிய உறைக்குள் வையுங்கள். காப்பகத்துக்குத் தருவதானாலும், என் போன்றவரிடம் தருவதானாலும் அந்தத் தாளையும் சேர்த்தே தாருங்கள்.